சோத்தாங்கைப் பக்கம்

"சோத்தாங்கைப் பக்கம்ங்க, சோத்தாங்கைப் பக்கம்" என்று மரகதம் சொல்லிக்கொண்டே வருகிறாள். அவளுக்கு வாய் வலிக்காது. வேறு நாளாக இருந்தால் சும்மா இரு என்று ஒரு அதட்டல் போட்டிருப்பேன், இன்றைக்கு அவள் நிறுத்திவிட்டால்தான் எனக்குப் பயம், சொல்லட்டும். இந்தக் கிரேக்கத் தீவில் வண்டிகளெல்லாம் ரோட்டின் வலது பக்கம் போகின்றன, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது, கியர் வலது கைக்கு வந்துவிட்டது. கியர் மாற்ற நொட்டாங்கையை நீட்டினால் கதவில் போய் இடிக்கிறது, காலையிலிருந்து இடித்து இடித்து விரல் முட்டியெல்லாம் சிவந்துவிட்டது. திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது, அதுவும் எப்படி, மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, பொட்டு ஈரம் இல்லாத கண்ணாடியில் வறக் வறக் என்று. அது ஓடுகிறபோதெல்லாம் மரகதம் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரிக்க என்ன, இது எல்லோருக்கும் வருகிற குழப்பம், இடது பக்கம் ஓட்டிப் பழகிய எவனுக்கும் வரும், வாடகைக் கார் கடைக்காரம்மாவே சொன்னாள். இந்தக் குழப்பம் நல்ல குழப்பம். இது வேறு, அது வேறு. அதை இப்போது நினைக்க வேண்டாம், எதிரே பஸ் வருகிறது, சோத்தாங்கைப் பக்கம்.

கடைக்காரம்மாவின் பேர் தெஸ்பினா. கப்பல் துறைக்கு எதிரே கடை, வாசலில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கார்கள். மகள் தேன்மொழி ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள், அவளைப் பார்க்க வந்தோம், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, நீங்க ரெண்டு பேருமாவது எங்காச்சும் போய்ட்டு வாங்க என்று நாக்ஸோஸ் என்கிற இந்தத் தீவுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள். டாக்ஸியில் போங்கப்பா என்றுதான் சொன்னாள். நான்தான் கார் எடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மரகதம் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் அதிசயமாக இருந்தது, எதற்கும் ஒன்று சொல்கிறவள். ஓட்டப்போகிறவர் ஒருவரா இரண்டு பேரா என்று தெஸ்பினா கேட்டாள். ஒருவர்தான் என்று மாரைத் தட்டாத குறையாகச் சொன்னேன். கேட்கிற கேள்வியா அது, முப்பது வருஷம் பம்ப்செட் கம்பெனியில் விற்பனைக்காரனாக இருந்தவன், கோயமுத்தூரில் ஏறி உட்கார்ந்தால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், பழனி, திரும்பி உடுமலை என்று ஒரே நாளில் ஒரு சுற்று வந்துவிடுவேன், எந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்துபோயிருக்கிறது, எந்தப் புளியமரத்துக்குப் பின்னால் போலீஸ்காரன் நிற்பான் என்பதெல்லாம் அத்துபடி. எங்கள் சொந்தத்தில் கல்யாண மண்டபத்துக்கு வழி தெரியாவிட்டால் பத்திரிகையைப் பார்க்க மாட்டார்கள், ஆறுச்சாமிக்கு ஒரு போன் போடு என்பார்கள். நான்தான் ஆறுச்சாமி. தெஸ்பினா வாயில் அது அருசாமி, அரிசாமி, கடைசியில் வெறும் சாமி என்று ஆகிவிட்டது, போகட்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டு ஜம்மென்று போய் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. வெறும் கறுப்புப் பலகை. ஸ்டியரிங் எங்கே போயிற்று என்று கையை நீட்டித் தடவினேன், வந்துவிட்டது, இங்கேயும் வந்துவிட்டது, இத்தனை தூரம் கடல் தாண்டி வந்தும் என்று நினைத்தேன். அதற்குள் தெஸ்பினா வயிறு குலுங்கச் சிரித்தாள். இங்கிலீஷ்காரன் எல்லாம் இப்படித்தான், ஆஸ்திரேலியாக்காரன் எல்லாம் இப்படித்தான், எல்லோரும் முதலில் அந்தப் பக்கம்தான் போய் உட்காருவார்கள் என்றாள். எல்லோரும் என்றாள். அந்த வார்த்தைக்காக அவள் காலில் விழுந்திருப்பேன். எத்தனை நாளாயிற்று, நான் செய்த ஒரு தப்பை எல்லோரும் செய்கிற தப்பு என்று யாராவது சொல்லி.

பிறகு எலுமிச்சம்பழம். ஓட்டலில் காலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த பழங்களில் நாலை மரகதம் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாடகைக் காருக்கெல்லாம் வேண்டாம் என்றேன். "வாடகைன்னா ஆக்சிடெண்ட் ஆகாதுங்களா" என்று கேட்டுவிட்டுக் குனிந்து நாலு டயருக்கும் ஒவ்வொன்றாக வைத்தாள், தெஸ்பினா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், நான் கிளட்சை விட்டேன், நாலும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கியது தெரிந்தது. நசுங்கட்டும். யார் கண் பட்டிருக்கிறதோ. என் தலைக்குள்ளே யார் கண் பட்டிருக்கிறதோ, அதற்கும் ஒரு பழத்தை வைத்து நசுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஊரை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரவுண்டானா இருந்தது. நம் ஊர் ரவுண்டானாவைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. நானும் சுற்றினேன். வெளியே போகிற வழி எது, இதுவா அதுவா, ஒன்றைத் தாண்டியதும் அதுதான் என்று தோன்றியது, இன்னொரு தடவை சுற்றினேன், மறுபடியும் தாண்டிவிட்டது. "கோயில் மாதிரி சுத்தறீங்க" என்றாள் மரகதம். வண்டியைப் பழகுகிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாளா, பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. கடைசியில் போனிலிருந்து வழி சொல்கிற பெண்ணின் குரல் கேட்டு ஏதோ ஒரு ரோட்டில் விழுந்து வெளியே வந்தேன். அந்தக் குரல் நல்ல குரல். யாரிடமும் போய் இவனுக்கு வழி தெரியவில்லை என்று சொல்லாது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ரொம்ப மரியாதை. நாலு ரோடு சேருகிற இடத்தில் நேராகப் போக வேண்டுமென்றால் நான் அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்திவிடுவேன், வண்டியின் நாலு மூலையிலும் விளக்கு மினுக்கும், இடதும் இல்லை வலதும் இல்லை நேராகப் போகிறேன் என்று அர்த்தம். நம் ஊரில் லாரிக்காரனிலிருந்து கல்யாண வேன் வரைக்கும் அப்படித்தான் போடுகிறோம், எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. இங்கே அதைப் போட்டால் போதும், பின்னால் வருகிறவன் அப்படியே வேகத்தைக் குறைத்துத் தள்ளி நின்று வழிவிடுகிறான், எதிரே வருகிறவன் ஓரமாக ஒதுங்கித் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறான், ஒருத்தன் கையைக்கூடக் காட்டினான். நானும் கையைக் காட்டினேன். வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று மரகதத்திடம் சொன்னேன். அவள் உம் கொட்டினாள். அவள் கால்களைப் பார்த்தேன். வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் தரையை அழுத்துகிறாள், அது சரி, பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இல்லாத பிரேக்கை அழுத்துவதுதான். ஆனால் நான் கியர் மாற்றும்போது இடது காலும் அமுங்குகிறது. நான் மாற்றுவதற்குச் சற்று முன்னாலேயே அமுங்குகிறது. இடது காலை எதற்கு அழுத்துகிறாள், பயத்தில் இரண்டு காலும் சேர்ந்து வேலை செய்கிறது போல. பாவம். ரோட்டோரத்தில் ஒரு கம்பத்தின் மேல் பறவைக்கூடு அளவுக்கு ஒரு குட்டிக் கோயில், உள்ளே எண்ணெய் விளக்கு, சாமி படம். மரகதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று, அதற்கும் போட்டுக்கொண்டாள். வளைவுக்கு வளைவு இருக்கிறது, எவ்வளவு பக்திங்க இந்த ஊர்ல என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியும், வரைபடத்தைக் கொடுக்கும்போதே தெஸ்பினா சொன்னாள், எங்கே வண்டி விழுந்து ஆள் போய்ச் சேர்ந்தானோ, அல்லது விழப்பார்த்துத் தப்பித்தானோ, அந்த இடத்தில் வைப்பது. நான் மரகதத்திடம் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதுதான் இப்போதெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரே வேலையாகிவிட்டது. ஒவ்வொரு கம்பத்திலும் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், ஒவ்வொரு கம்பத்திலும் என் கை வேர்க்கிறது, போனவனா தப்பித்தவனா, இந்த வளைவில் எது என்று தெரியாமலே கடந்து போகிறோம்.

மலை ஏறுகிறது. கடல் கீழே போய்விட்டது, ஒரு பக்கம் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், அந்தப் பக்கம் ஆலிவ் மரம், வெள்ளாடு, காய்ந்த புல். உச்சியில் காற்றாலைகள் சுற்றுகின்றன, காற்று வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறது. உடுமலைப் பக்கம் ஆடி மாசத்தில் இப்படித்தான் அடிக்கும், பைக்கில் போகிறவனைப் பக்கத்து வரப்பில் கொண்டுபோய் நிறுத்தும். இந்த வளைவு தாண்டினால் ஒரு டீக்கடை வரும். இடது கைப்பக்கம் தகரக் கூரை, வாசலில் ஒரு கட்டில் போட்டிருக்கும், கடைக்காரர் தங்கவேலு, நிறுத்தினால் கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ போடுவார், அவர் கிணற்றுக்கு நான்தான் அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார் போட்டுக்கொடுத்தேன். வேகத்தைக் குறைத்தேன். நிஜமாகவே குறைத்தேன். வளைவு வந்தது, திரும்பினேன், டீக்கடை இல்லை, ஒரு பள்ளத்தாக்கு, அதற்கும் கீழே நீலமாகக் கடல். எதற்கு ஸ்லோ பண்ணினீங்க என்று மரகதம் கேட்டாள். ஆடு வருகிறது என்று நினைத்தேன் என்றேன். ஆடு இல்லை. இது என்ன, ஞாபகம் வந்ததா, ஞாபகம் போனதா. ஒரு ரோட்டைப் பார்த்து இன்னொரு ரோடு நினைவுக்கு வருவது எல்லோருக்கும் நடக்கிறதுதானே, பாட்டு கேட்டால் பழையது நினைவுக்கு வரவில்லையா. ஆனால் நினைவுக்கு வருவதற்கும் கால் பிரேக்குக்குப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. எனக்கு டீ வாசனைகூட அடித்தது. இப்போது எலுமிச்சம்பழ வாசனை அடிக்கிறது, அது நிஜம், டயரில் ஒட்டிய சாறு வெயிலில் காய்கிறது, மரகதத்தின் கையிலும் அதே வாசனை, அதைப் பிடித்துக்கொள்கிறேன், எலுமிச்சை, நாக்ஸோஸ், நாங்கள் அப்போலோனாஸ் என்கிற ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், அங்கே மலையில் பாதி செதுக்கிய பெரிய சிலை ஒன்று மல்லாந்து படுத்திருக்கிறதாம், படத்தில் பார்த்துவிட்டு மரகதம், பள்ளிகொண்ட பெருமாளாட்டம் இருக்குதுங்க, பாத்தே ஆகணும் என்றாள். சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து மரகதம், இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்கறாளே, டவர் இல்லீங்க என்கிறாள்.

டவர் இல்லை. சரி, டவர் இல்லாவிட்டால் என்ன, நான் எந்தக் காலத்தில் டவரை நம்பி ஓட்டினேன். அன்றைக்கும் டவர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்கழியில் ஒரு நாள். மிக்சி ஜாருக்கு பிளேடு மாற்ற டவுன்ஹால் போனேன். மாற்றிவிட்டு ஜாரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வடவள்ளி வீட்டுக்குத் திரும்பினேன். ஆயிரம் தடவை வந்த வழி. ஒரு சிக்னலில் நின்றேன், பச்சை விழுந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மறந்துபோயிற்று என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்தால் ஏதோ ஒன்றை மறந்த மாதிரி இருக்கும், இது அந்த இடத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்பது மாதிரி இருந்தது. போர்டுகளைப் படிக்க முடிந்தது. உக்கடம் என்று எழுதியிருந்தது, உக்கடம் தெரியும். ரயில் நிலையம் என்று எழுதியிருந்தது, அதுவும் தெரியும். அதிலிருந்து என் வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஏதோ ஒரு பக்கம் திருப்பினேன், போய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு ஜாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. அசிங்கமாக இருந்தது. யாரையாவது கேட்கலாம், என்ன கேட்பது, கோயமுத்தூர்க்காரன், ஆறுச்சாமி, வடவள்ளிக்கு எப்படிப் போக வேண்டும் என்றா. அந்த நேரம் பார்த்து மரகதம் போன் பண்ணினாள், எங்கீங்க இருக்கறீங்க, சட்னி அரைக்கணும். லாலி ரோட்டில் டிராபிக் என்றேன். சரிங்க மெதுவா வாங்க என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தது, கரண்ட் வந்த மாதிரி பளிச்சென்று, வடவள்ளி, லாலி ரோடு, எங்கள் தெரு முக்கில் இஸ்திரிக் கடை. வீட்டுக்குப் போனேன், சட்னி அரைத்தாள், சாப்பிட்டேன். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள். ஒரு நாள் என்றுதான் வைத்திருந்தேன். பிறகு பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நாள். பிறகு கூடவே வேலை பார்த்த ஆளின் பேர் ஒரு சாயங்காலம் முழுக்க வராமல் போனது. டாக்டரிடம் போனால் ஒரு பேர் வைத்துவிடுவார், பேர் வைத்தால் அது வீட்டில் ஒரு ஆளாக உட்கார்ந்துகொள்ளும், அதனால் போகவில்லை. மரகதத்திடம் சொன்னால் அவள் தாங்குவாளா, சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள், அப்புறம் நான் என்ன, பால்கனியில் காயப்போட்ட துணி. அந்த மார்கழிக்கு அப்புறம்தான் அவளும் விடிகாலையில் வாக்கிங் போக ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டு ருக்மணியோடு என்றாள். போய்விட்டு வந்தால் வேர்வையும் இருக்காது, செருப்பில் புழுதியும் இருக்காது. இது என்ன வாக்கிங் என்று நினைத்திருக்கிறேன். கேட்கவில்லை. நான் கேட்டால் அவளும் கேட்பாள்.

அதனால்தான் இந்தத் தீவு என்றதும் நான் குதித்துக்கொண்டு சரி என்றேன். இங்கே வழி தெரியாமல் இருப்பது குற்றமில்லை, வழி தெரிந்தால்தான் ஆச்சரியம். இங்கே எல்லாக் கையும் மாறியிருக்கிறது, கதவு மாறியிருக்கிறது, ஊர்ப் பேர் வாயில் நுழையவில்லை, என்னுடைய குழப்பம் இந்தக் குழப்பத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும், யாரும் கண்டுபிடிக்க முடியாது. நானே கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இப்போது கஷ்டம். வைப்பர் ஓடினால் அது எல்லோருக்கும் வருகிறதா, எனக்கு மட்டும் வருகிறதா. சாவியை இடது பாக்கெட்டில் தேடினேனே, அது தீவா, நானா. மலை மேலே ஒரு ஊர் வந்தது, வெள்ளை வெள்ளையாக வீடுகள், ஒரு பெரிய மரத்தடியில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், நிறுத்தலாமா என்று மரகதம் கேட்டாள், வரும்போது பார்க்கலாம் என்றேன், நிறுத்தினால் மறுபடி எந்தப் பக்கம் கிளம்புவது என்று பயம். ஊர் போய்விட்டது. கல்சுவர், ஆலிவ், ஆடு. மறுபடி ஒரு மரத்தடி, நாற்காலி, காபி. இது வேறு ஊரா, அதே ஊரா. அதே நீலக் கதவு மாதிரி இருக்கிறது, ஆனால் இந்தத் தீவில் எல்லாக் கதவும் நீலம். மரகதத்தைக் கேட்கலாம், இப்பத்தான் இந்த வழியா வந்தோமா என்று. கேட்டால் தெரிந்துவிடும். இல்லை, கேட்கலாம், சும்மா கேட்கிற மாதிரி. நாக்கு எழவில்லை. அவளும் பேசவில்லை, சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்வதை எப்போது நிறுத்தினாள். அந்தச் சத்தம் இல்லாதது இப்போதுதான் கேட்கிறது.

பிறகு இந்த நாலு ரோடு. ஒரு போர்டு, கிரேக்க எழுத்து, வெயிலில் சாயம் போனது. இடது பக்கம் ஒரு ரோடு இறங்குகிறது, வலது பக்கம் ஒன்று ஏறுகிறது, நேரே ஒன்று கல்சுவர்களுக்கு நடுவே போய் மறைகிறது. நேராகத்தான் போக வேண்டும் என்று எனக்குள்ளே ஏதோ சொல்கிறது. நேராகத்தானே எப்போதும் போவோம். முக்கோணத்தை அழுத்தினேன், நாலு மூலையிலும் விளக்கு மினுக்க ஆரம்பித்தது, டிக் டிக் டிக். கிளட்சை விட வேண்டும். விடவில்லை. நேரே என்றால் எங்கே. எதற்கு நேரே. நாங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம், யாரோ படுத்திருக்கிற இடத்துக்கு, யார் படுத்திருக்கிறது, ஆஸ்பத்திரியா. இல்லை, சிலை. சிலைக்குப் போகிறோமா, பார்த்துவிட்டுத் திரும்புகிறோமா. பார்த்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். இருக்குமா. டிக் டிக் டிக். போர்டை வாசிக்க முடியவில்லை, அது கிரேக்கம் என்பதாலா. கடல் எந்தப் பக்கம் இருந்தது. நான் அதே சிக்னலில் நிற்கிறேன், பச்சை விழுந்துவிட்டது, மடியில் ஜார் இருக்க வேண்டும், ஜார் இல்லை, ஸ்டியரிங் கையில் இருக்கிறது, பக்கத்தில் மரகதம் இருக்கிறாள், இந்த இரண்டும் நன்றாகத் தெரிகிறது. மற்றது ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, வாயைத் திறந்து சொல்ல முடியாத அளவுக்குப் பயமாக இருக்கிறது. பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம். ஹாரன் அடிக்கப் போகிறான். அடிக்கவில்லை. கதவு திறக்கிற சத்தம், சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். வெயிலில் கறுத்த ஒரு ஆள், நரைத்த மீசை, சட்டையெல்லாம் வைக்கோல், என் ஜன்னலில் குனிகிறான். பின்னால் அவனுடைய சின்ன லாரியில் இரண்டு ஆடுகள் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"ப்ராப்ளம்?" என்று கேட்டான்.

"நோ, நோ. நோ ப்ராப்ளம்" என்றேன். கையை நேரே நீட்டிக் காட்டினேன். "ஸ்ட்ரெய்ட். கோ ஸ்ட்ரெய்ட்."

அவனுக்குப் புரியவில்லை. மினுக்குகிற விளக்கைக் காட்டினான், விரல்களை மூடி மூடித் திறந்தான், "ப்ராப்ளம்" என்று மறுபடியும் சொன்னான், இந்தத் தடவை கேள்வியாக இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே நாலு விளக்கும் போட்டால் நேராகப் போகிறேன் என்று அர்த்தமில்லை. வண்டி கெட்டுவிட்டது, உதவி வேண்டும் என்று அர்த்தம். காலையிலிருந்து நாலு ரோடு வந்த இடத்திலெல்லாம் உதவி வேண்டும், உதவி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், அவர்களும் ஒதுங்கி நின்று தலையை நீட்டிப் பார்த்திருக்கிறார்கள், நான் ராஜா மாதிரி கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஆள் என்னை விட்டுவிட்டு எனக்கு அந்தப் பக்கம் மரகதத்தைப் பார்த்தான்.

"எஸ்" என்றாள் மரகதம். "ப்ராப்ளம்."

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு முன்னால் போய் பானெட்டைத் தட்டினான், திற என்று சைகை காட்டினான். மரகதம் இறங்கினாள், அவனைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள், வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் கதவைத் திறந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"எறங்குங்க. நான் ஓட்டறேன்."

"உனக்கெங்கே ஓட்டத் தெரியும்?"

"தெரியும்ங்க. லைசென்ஸ் எடுத்து வருசம் ஒண்ணாச்சு. வெளிநாட்டுல ஓட்டறதுக்கும் பேப்பர் வாங்கிட்டேன், தேன்மொழிதான் எப்படின்னு சொல்லிக் குடுத்தா. நீங்க பாத்ரூம் போனப்ப அந்தக் கடைக்காரம்மாகிட்ட எம்பேரையும் சேத்தச் சொல்லிட்டேன்."

"வாக்கிங்?"

"என்னத்த வாக்கிங்" என்றாள்.

இறங்கினேன். அந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு ஜன்னலுக்குள் கையை நீட்டி அந்த முக்கோணப் பொத்தானை அவனே அழுத்தினான். டிக் டிக் நின்றது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, கிளம்பாமல் எங்களுக்காகக் காத்திருந்தான். நான் சுற்றி வந்து வலது பக்கம் ஏறினேன். காலையில் தப்பாக ஏறி உட்கார்ந்த அதே சீட்டு, எதிரே அதே கறுப்புப் பலகை, இப்போது அது தப்பில்லை. மரகதம் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைத் திருத்தினாள், இண்டிகேட்டர் போட்டாள். வைப்பர் ஓடியது. நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், இத்தனை நேரம் நான் பயந்ததைவிட அவள் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

"எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாள்.

வாயில் என்னென்னவோ வந்தது. நேராகப் போ, இறக்கத்தில் விடு, டவர் வரட்டும், ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம், முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவன்தானே.

"தெரியல" என்றேன். பிறகு அதுவும் போதவில்லை. "இங்க மட்டும் இல்ல மரகதம். நம்ம ஊர்லயும் தெரியல."

அவள் திரும்பவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்ங்க" என்றாள். "அன்னிக்கு லாலி ரோட்டுல நிக்கறேன்னீங்க. பின்னால மேட்டுப்பாளையம் வண்டி வருதுன்னு மைக்குல சொன்னது எனக்குக் கேட்டுச்சு. லாலி ரோட்டுக்கு எப்பங்க ரயில் வந்துது?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லவே மாட்டேன்னுட்டீங்க."

ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஆளுக்கு ஒரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு, ஒரே தட்டிலிருந்து பலகாரம் எடுத்துத் தின்றிருக்கிறோம். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆறுதலாக இருந்தது. எந்த ரோடு என்று இன்னும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. கிளட்சை விட்டாள், வண்டி ஒரு குதி குதித்து, அணையாமல், நகர்ந்தது. இடதா வலதா என்று இல்லாமல் நேரே கல்சுவர்களுக்கு நடுவே போனோம், பின்னால் ஆட்டு வண்டி மெதுவாகத் தொடர்ந்து வந்தது. முதல் வளைவில் எதிரே ஒரு கார் வந்தது. மரகதத்தின் கை தன்னால் இடது பக்கம் திருப்பியது, நம் ஊர்க் கை, அந்தக் கார் எங்களைப் பார்த்து நேராக வந்தது.

"சோத்தாங்கைப் பக்கம்" என்று கத்தினேன். "சோத்தாங்கைப் பக்கம் மரகதம்!"

திருப்பிவிட்டாள். கார் உரசாமல் போயிற்று. அவள் மூச்சு விட்டாள். வளைவில் ஒரு கம்பம், அதன் மேல் குட்டிக் கோயில், அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் அவளுக்குப் பதில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு, அடுத்த வளைவு வருவதற்கு முன்னாலேயே, இது எனக்குத் தெரியும், இது ஒன்று இன்னும் நன்றாகத் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தேன். சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம். எனக்கும் வாய் வலிக்கவில்லை.